அந்தப் பழைய போனைக் கழற்றாதீங்க!

உங்க டிபார்ட்மென்ட் ஆபீஸ் மேசையில் ஒரு போன் இருக்கும். சுருள் வயர், பட்டனில் பாதி அழிந்துபோன எண்கள், மேலே பேப்பரில் எழுதி செல்லோ டேப் போட்டு ஒட்டின மூணு இலக்க நம்பர். நாலு வருஷத்தில் நம்மில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்திருப்போம்? ஆனா கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி அண்ணா தினமும் எடுக்கிறார். அட்டெண்டர் அக்கா, ஹாஸ்டல் வார்டன், மெஸ் சூப்பர்வைசர், ஜெனரேட்டர் ரூமில் இருக்கிற எலெக்ட்ரீஷியன் எல்லாரும் எடுக்கிறாங்க. ஒரு காலேஜின் பாதி வேலை அந்த மூணு இலக்க நம்பர்களில்தான் ஓடிக்கிட்டு இருக்கு.

இப்போ பல காலேஜ்களிலும் ஆபீஸ்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இந்த போன்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்திருக்கிறது. காரணம் போன் இல்லை. அவற்றையெல்லாம் இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிக்கு வயசாகிவிட்டது. ஒரு கார்டு போனால் ஸ்பேர் கிடைப்பது கஷ்டம். ரிப்பேர் பண்ணத் தெரிந்தவர் ரிட்டயர் ஆகியிருப்பார். விற்க வருகிறவர், "மொத்தமா ஐ.பி. போனுக்கு மாத்திடலாம் சார்" என்கிறார். கமிட்டியில் இன்னொருவர், "எல்லார் கையிலும் மொபைல் இருக்கு, போனே எதுக்கு?" என்கிறார்.

நான் சொல்ல வருவது இந்த ரெண்டும் இல்லை. பெட்டியை மாத்துங்க, போனை விட்டுடுங்க. நடுவில் ஒரு கேட்வே வைத்து பழைய போன்களையே இன்டர்நெட் முறைக்கு இணைச்சிடலாம். ஆனா அப்படி இணைக்கும்போது கரண்ட், அவசர நம்பர் என்ற ரெண்டு விஷயத்தில் கோட்டை விட்டால், அந்த போன் மேசை மேல் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மொபைல் இருக்கே, அப்புறம் என்ன?

மொபைல் ஒரு ஆளுக்குச் சொந்தம். எக்ஸ்டென்ஷன் ஒரு இடத்துக்குச் சொந்தம். இந்த வித்தியாசம் பகலில் தெரியாது.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டலில் ஒரு பையனுக்கு வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. கேட்டில் சொல்லி வண்டியை எடுக்கச் சொல்லணும், கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லணும். உங்ககிட்ட ஒரு செக்யூரிட்டி அண்ணாவோட நம்பர் இருக்கலாம். அவருக்கு இன்னைக்கு லீவு. மாற்றாக வந்தவர் நேத்துதான் சேர்ந்தார். யார் ட்யூட்டியில் இருந்தாலும் கேட்டில் அடிக்கிற போன் அங்கே இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஆள் மாறுவார், நம்பர் மாறாது.

இன்னொன்று, நாம யோசிக்காத விஷயம். ஆபீஸ் போனை எடுத்துவிட்டால் ஆபீஸ் வேலை நின்றுவிடாது. அது அந்த அக்காவோட சொந்த மொபைலுக்குப் போகும். ரீசார்ஜ் அவங்க காசு. நம்பர் நோட்டீஸ் போர்டில் ஏறும். அங்கிருந்து ஸ்டூடென்ட் குரூப்புக்கு, பெற்றோருக்கு, சப்ளையருக்கு. ராத்திரி பத்து மணிக்கு, "மேடம், போனஃபைட் ரெடியா?" என்று கால் வரும். காலேஜ் மிச்சப்படுத்தும் காசை, அங்கே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் போனாலும் தங்கள் நிம்மதியாலும் கட்டுகிறார்கள். வேலைக்கான போனை வேலை கொடுப்பவர்தான் தரணும்.

சிக்னல் கிடைக்காத இடங்களையும் கணக்கில் எடுங்க: பேஸ்மென்ட் லேப், லிஃப்ட், ஜெனரேட்டர் ரூம். கான்கிரீட் நடுவில் நின்று மொபைலைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்த அனுபவம் நம்ம எல்லாருக்குமே உண்டு.

ரெண்டு வயருக்குள்ள என்ன நடக்குது?

கழற்றலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணும் முன், அது எப்படி வேலை செய்யுது என்று பார்த்துவிடுவோம். ஈ.சி.ஈ. ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும். மத்தவங்களுக்கு ஒரு நிமிஷம்.

அனலாக் போனுக்குத் தனி ப்ளக் பாயின்ட் கிடையாது. பேச்சும் கரண்டும் அதே ரெண்டு செம்புக் கம்பியில் வருது. எக்ஸ்சேஞ்ச் பக்கம் 48 வோல்ட் டி.சி. அதிலும் ப்ளஸ்ஸை எர்த் பண்ணிவிட்டு லைனில் மைனஸ் 48 கொடுப்பார்கள், ஈர மண்ணில் செம்பு அரித்துப்போகாமல் இருக்க. நீங்க ரிசீவரைத் தூக்கினதும் ஸ்விட்ச் மூடி சர்க்யூட் முழுமையாகிறது. இருபது மில்லிஆம்பியர் அளவில் கரண்ட் ஓடுது. "ஆள் தூக்கிட்டான்" என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்து டயல் டோன் கொடுக்கிறது. கால் வரும்போது அதே கம்பியில் சுமார் 75 வோல்ட் ஏ.சி., நொடிக்கு 25 சுற்று என்று அனுப்பி மணியடிக்க வைக்கிறது. மணி அடிக்கும் நேரத்தில் அந்தக் கம்பியைத் தொட்டவர்களைக் கேளுங்க, நல்லாவே விளக்குவாங்க.

5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். வரிசைக்கு ஒரு ஒலி, நிரலுக்கு ஒரு ஒலி. எந்த ரெண்டு ஒலி என்று பார்த்து எந்த பட்டன் என்று எக்ஸ்சேஞ்ச் கண்டுபிடிக்கும். அந்த போனுக்குள் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை, அப்டேட் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. ஹேக் பண்ண உள்ளே ஒன்றுமே இல்லை. இருபது வருஷமாக அது ஓடுவதன் ரகசியம் அதுதான்.

நடுவில் உட்காரும் பெட்டி

கேட்வே செய்வது ஒரு ஏமாற்று வேலை. பழைய போனிடம், "நான்தான் எக்ஸ்சேஞ்ச்" என்கிறது. நெட்வொர்க்கிடம், "நான் ஒரு ஐ.பி. போன்" என்கிறது. ரெண்டு பக்கமும் நம்பிவிடும்.

போன் பக்கம் பார்க்கும் போர்ட்டுக்கு எஃப்.எக்ஸ்.எஸ். என்று பெயர். அதுதான் 48 வோல்ட் கொடுக்கும், மணியடிக்கும், டயல் டோன் கொடுக்கும். வெளியிலிருந்து வரும் லேண்ட்லைனைச் செருகும் போர்ட் எஃப்.எக்ஸ்.ஓ. அது ஒரு போன் மாதிரி நடந்துகொள்ளும். கடைசி எஸ் என்பது ஸ்டேஷனைக் குறித்தாலும், "எஸ்னா சப்ளை" என்று நினைவு வைத்தால் மாறாது. மாற்றிச் செருகினால் ஒன்று போன் செத்த மாதிரி கிடக்கும், இல்லை போர்ட்டே போய்விடும்.

உங்க குரலை கேட்வே நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. 64 கிலோபிட். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதன் மேல் 40 பைட் முகவரி விவரம். ஈதர்நெட் சுமையும் சேர்த்தால் ஒரு காலுக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட். ஒரே நேரத்தில் 20 பேர் பேசினாலும் 1.75 மெகாபிட்தான். ஹாஸ்டலில் ஒரே ஒரு ஆள் எச்.டி.யில் மேட்ச் பார்க்க இதைவிட அதிகம் வேணும்.

அப்போ பிரச்சினை பேண்ட்வித்தில் இல்லை. பாக்கெட்டுகள் சீராக வருவதில்தான் இருக்கு. ஒரு பாக்கெட் சீக்கிரமும் அடுத்தது லேட்டாகவும் வந்தால் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். அதனால் போனுக்குத் தனி வி.லேன், ஸ்விட்சில் குரலுக்கு முன்னுரிமை, ரெண்டும் கட்டாயம். ஹாஸ்டல் டவுன்லோடும் பிரின்சிபல் ஆபீஸ் காலும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. குரல் ஒரு வாயிலிருந்து மறு காதுக்குப் போக 150 மில்லிசெகண்டைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்பது ஐ.டி.யு.வின் பரிந்துரை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா நிறைய இடங்களில் இதில்தான் பெயர் கெடுகிறது. பல கேட்வேக்கள் அமெரிக்க டோன் செட்டிங்கோடு வரும். நம்ம ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி அமைதி. நாட்டை இந்தியா என்று மாற்றாவிட்டால், வெளியில் பேசியவர் போனை வைத்தது எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட்டுக்குப் புரியாமல் போகலாம். லைன் எங்கேஜ்டாகவே தொங்கும். "ஐ.பி. வந்ததுல இருந்து லைனே கிடைக்கல" என்று எல்லாரும் திட்டுவார்கள். எக்கோ கேன்சலர், டோன் செட்டிங் ரெண்டையும் முதல் நாளே பார்த்துவிட்டால் பாதி புகார் வராது.

ஏன் மொத்தமா மாத்தக் கூடாது?

புது ஐ.பி. போன் நல்ல சாமான்தான். ஆனா அது ஈதர்நெட்டில் ஓடும். செம்பு ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர். நம்ம மாதிரி கேம்பஸில் அட்மின் பிளாக்கிலிருந்து மெயின் கேட் எவ்வளவு தூரம்? வாட்டர் டேங்க்? கேர்ள்ஸ் ஹாஸ்டல்? 100 மீட்டரைத் தாண்டினால் ஃபைபர் இழுக்கணும், அந்தப் பக்கம் ஒரு ஸ்விட்ச், அதுக்கு ஒரு ப்ளக் பாயின்ட், அதுக்கு ஒரு யு.பி.எஸ்., அதையெல்லாம் மழையிலிருந்து காப்பாற்ற ஒரு பெட்டி. ஒரே ஒரு கேட் போனுக்கு இத்தனையும்.

அனலாக் ஜோடிக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டர் கூட பெரிய விஷயமில்லை. தொலைபேசி இலாகா எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்த கம்பிதானே அது? கேட் வரைக்கும் ஏற்கெனவே பூமிக்குள் அது கிடக்கு. சர்வர் ரூமில் 24 போர்ட் கேட்வே ஒன்று வைத்து, பழைய க்ரோன் பாக்ஸில் வயரை மாற்றி பஞ்ச் பண்ணினால் போதும். கேட்டில் இருக்கும் அண்ணாவுக்கு எதுவும் மாறியதே தெரியாது. புதுசா எதையும் கத்துக்க வேண்டியதில்லை. மாற்றம் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியையும் கேட்கணும். நீளமான செம்புக் கம்பி இடி, மின்னலை உள்ளே கூட்டி வரும். கேட்வேக்கு முன்னால் சர்ஜ் ப்ரொடெக்‌ஷன் போடாவிட்டால் ஐப்பசி மழையில் நாலு போர்ட் போயிடும். எலி கடித்த, தண்ணீர் புகுந்த கேபிள்களை வைத்துக்கொண்டு போராடுவதிலும் அர்த்தமில்லை. புது பிளாக் கட்டி, எல்லா ரூமுக்கும் நெட்வொர்க் கேபிள் போட்டாச்சு என்றால் அங்கே ஐ.பி. போனே வைக்கலாம். பிளேஸ்மென்ட் ஆபீஸ் மாதிரி காலை மாற்றிவிடுவது, கான்ஃபரன்ஸ் போடுவது எல்லாம் தினசரி வேலையாக இருக்கும் இடங்களுக்கும் அதுதான் சரி. இன்டர்நெட் முறையின் வசதியே இதுதான்: ரெண்டு வகை போனும் ஒரே எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நம்பரில் இருக்கலாம். எதையும் ஒரே நாளில் கழற்றிக் குப்பையில் போட வேண்டியதில்லை.

கரண்ட் போனால்?

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். பழைய லேண்ட்லைன் கரண்ட் போனாலும் பேசியது. எக்ஸ்சேஞ்சில் ஒரு ரூம் முழுக்க பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் இருந்ததால் நம்ம வீட்டு இருட்டு அதைத் தொடவில்லை. நீங்க கேட்வே வைத்த நிமிஷத்திலிருந்து, அந்த 48 வோல்ட்டைக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. கேட்வே, ஸ்விட்ச், ரவுட்டர், சர்வர். இந்த நாலில் ஒன்று அணைந்தாலும் வெளியே கால் போகாது. முதல் மூணுக்கு யு.பி.எஸ். கொடுத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு குட்டி ஸ்விட்சை மறப்பதுதான் வழக்கமாக நடப்பது.

இது நம்ம ஊர் பயம் மட்டும் இல்லை. பிரிட்டனில் பழைய செம்பு டெலிபோன் நெட்வொர்க்கையே மூடி எல்லாரையும் இன்டர்நெட் முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2025 டிசம்பரில் முடிப்பதாக இருந்தது, 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அங்கே தனியாக வாழும் வயசானவர்கள் கழுத்தில் ஒரு பட்டன் மாட்டியிருப்பார்கள். விழுந்தால் அழுத்தினால் போன் லைன் வழியாக உதவி மையத்துக்குத் தகவல் போகும். லைனை மாற்றிய பிறகு சில வீடுகளில் அந்தக் கருவி வேலை செய்யாமல் போய், விஷயம் பெரிதாகி, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர கால் போக வழி செய்யணும் என்பது லேண்ட்லைனை மட்டும் நம்பியிருப்பவர்களுக்காக அங்கே உள்ள ஒழுங்குமுறை அமைப்பு ஆஃப்காம் சொல்வது.

நமக்கு ஒரு மணி நேரம் போதாது. 2016 வர்தா, 2018 கஜா ரெண்டையும் நினைச்சுப் பாருங்க. கரண்ட்டும் மொபைல் சிக்னலும் நாள்கணக்கில் இல்லாத ஊர்கள் உண்டு. கேம்பஸுக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள்ளாவது பேசிக்கொள்ள முடியணும்.

கணக்கு பெரிசில்லை. அந்த நாலு சாமானும் சேர்ந்து 100 வாட் எடுக்குது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் 1,800 வாட்-அவர் இருக்கு. இன்வெர்ட்டர் இழப்பு, பேட்டரியை முழுசாக வடிக்கக் கூடாது என்பது, ரெண்டையும் கழித்தால் ஏறக்குறைய ஆயிரம். பத்து மணி நேரம் வரும். ஒரே ஒரு பேட்டரி! இங்கே அனலாக் போன் இன்னொரு விதத்தில் கை கொடுக்கிறது. அறுபது போனுக்கு அறுபது ப்ளக் பாயின்ட் வேண்டாம். கேட்வே இருக்கும் ஒரே ரூமில் பேட்டரி இருந்தால் போதும், அறுபதும் உயிரோடு இருக்கும்.

108 அடித்தால் எங்கே போகும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கு என்றால் இதைப் படிங்க.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மோட்டல் ரூமில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். ஒன்பது வயசு மகள் ரூம் போனை எடுத்து 911 அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். நாலு தடவை. அந்த மோட்டலில் வெளி லைன் கிடைக்க முதலில் 9 அழுத்தணும். அது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தபடி சரியாகத்தான் செய்தாள். அவளுடைய அம்மா இறந்துபோனார். அதன் பிறகு காரி பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு அங்கே அமைக்கும் எந்த ஆபீஸ், ஹோட்டல் போன் சிஸ்டமும் எந்த முன் எண்ணும் இல்லாமல் 911-ஐ நேராக விடணும். அப்படி ஒரு கால் போனால் ரிசப்ஷன் மாதிரி ஒரு இடத்துக்கும் தகவல் போகணும்.

நம்ம காலேஜ் போனில் வெளி லைனுக்கு என்ன அழுத்தணும்? பெரும்பாலான இடங்களில் பூஜ்யம். அப்போ 108 என்று மட்டும் அடித்தால்? இதைவிட மோசமான ஒன்று இருக்கு. எக்ஸ்டென்ஷன்கள் 101, 102, 103 என்று ஆரம்பிக்கும் கேம்பஸ்களை யோசிங்க. அங்கே 108 என்பது யாரோ ஒருவரின் மேசை. ஆம்புலன்ஸுக்கு அடித்தால் பூட்டிக் கிடக்கும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். 101 தீயணைப்பு. 112 பொதுவான அவசர உதவி எண். இவற்றுக்கும் இதே கதைதான்.

பழைய பெட்டியில் இதைத் திருத்த வேண்டும் என்றால் ஆள் வரணும், மேனுவல் தேடணும். இன்டர்நெட் முறையில் டயல் ப்ளான் என்பது சில வரிகள்தான். 108 அடித்தாலும் 0 போட்டு 108 அடித்தாலும் ரெண்டும் நேராக வெளியே போகணும். அதே நேரத்தில் கேட் போன் தனி ரிங்கில் அடித்து எந்த பிளாக், எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து கால் போனது என்று காட்டணும். ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரிவது காலேஜின் ஒரே பொது நம்பர்தான். எந்த பிளாக், எந்த மாடி என்று வழி காட்டப் போவது கேட்டில் நிற்பவர். அப்படியே எக்ஸ்டென்ஷன்களை 1-இல் ஆரம்பிக்காமல் 2-இலோ 3-இலோ ஆரம்பிக்கும்படி மாற்றிடுங்க. சிஸ்டம் மாறும் நேரம்தான் இதைச் செய்யச் சரியான நேரம். அப்புறம் யாரும் தொட மாட்டாங்க.

ஒரு வேண்டுகோள்: இதை டெஸ்ட் பண்ணுகிறேன் என்று சும்மா 108-க்கு அடிக்காதீங்க. அந்த நேரத்தில் உண்மையாகவே ஒருவர் லைனுக்குக் காத்திருப்பார். செட்டிங்கில் படித்துப் பாருங்க, அல்லது கால் வேறொரு டெஸ்ட் நம்பருக்குப் போகிற மாதிரி மாற்றி வைத்துச் சரிபாருங்க.

பூட்டு போடாத கதவு

பழைய போனைத் தூரத்திலிருந்து ஹேக் பண்ண முடியாது என்றேன். கேட்வேயையும் சர்வரையும் முடியும். 5060 போர்ட்டைத் தேடி இன்டர்நெட் முழுக்க எந்நேரமும் பாட்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் 201-க்குப் பாஸ்வேர்டும் 201 என்று வைத்தால், ஒரு சனி, ஞாயிறுக்குள் உங்க கணக்கில் யாரோ வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்துவிடுவார்கள். சர்வரை நேராக வெளியில் திறந்து வைக்காதீங்க. தேவையில்லாத ஐ.எஸ்.டி.யை மூடிடுங்க. வெளி லைனை உரிமம் பெற்ற ஆபரேட்டரிடம் மட்டும் வாங்குங்க. சிம் பாக்ஸ் மாட்டி வெளிநாட்டுக் கால்களை லோக்கல் காலாக இறக்கிவிடும் "ஐடியா" யாராவது சொன்னால் ஓடிடுங்க. அது ஸ்டார்ட்அப் இல்லை, போலீஸ் கேஸ்.

இதில் நமக்கு என்ன?

"இது மேனேஜ்மென்ட் வேலை, நமக்கெதுக்கு?" என்று நீங்க கேட்கலாம்.

1999-இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் லினக்ஸ் சப்போர்ட் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றை நடத்தினார். அதுக்கு ஒரு போன் எக்ஸ்சேஞ்ச் வேணும். வாங்கக் காசில்லை. சரி, நாமே எழுதிடுவோம் என்று உட்கார்ந்தார். அப்படி வந்ததுதான் ஆஸ்டெரிஸ்க். இன்றைக்கும் இலவசம், சோர்ஸ் கோட் திறந்தே இருக்கு. நம்ம நாட்டிலும் 1984-இல் ஆரம்பித்த சி-டாட், கிராமங்களுக்காக 128 போர்ட் எக்ஸ்சேஞ்ச் ஒன்றை வடிவமைத்தது. ஏ.சி. இல்லாத ரூமில், தூசியிலும் வெயிலிலும் ஓட வேண்டும் என்பதுதான் அதன் இலக்கணம். இறக்குமதி எக்ஸ்சேஞ்சுகள் ஏ.சி. கேட்ட காலம் அது. எங்கே ஓடப்போகுது, யார் பயன்படுத்தப் போறாங்க என்று முதலில் கேட்ட இன்ஜினியரிங் அது.

ஒவ்வொரு வருஷமும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்டில் முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் எடுக்கும் சிஸ்டம் எத்தனை வருது என்று எண்ணிப் பாருங்க. அதுக்குப் பதிலா ஒரு ராஸ்பெர்ரி பையில் ஆஸ்டெரிஸ்க், ரெண்டு போர்ட் உள்ள ஒரு குட்டி அடாப்டர், ஸ்டோர் ரூமில் கிடக்கும் ரெண்டு பழைய போன். இதில் எல்லா டிபார்ட்மென்டுக்கும் வேலை இருக்கு. ஈ.சி.ஈ.க்கு எக்கோவும் டோனும். சி.எஸ்.ஈ.க்கு டயல் ப்ளானும் செக்யூரிட்டியும். ட்ரிபிள் ஈ.க்கு பேட்டரிக் கணக்கும் சர்ஜும். சிவிலுக்குக் கேபிள் எந்த டக்ட்டில் போகுது என்ற, யாருக்குமே தெரியாத வரைபடம். வைவாவில் கேள்வி கேட்கிறவர்களுக்கும் இது புதுசாகத்தான் இருக்கும். முடிந்தால் காலேஜுக்கே பயன்படும், ரெக்கார்டு நோட்டோடு தூங்காது.

அதுவரைக்கும், பணமே செலவில்லாத சில வேலைகள் இருக்கு. உங்க பிளாக்கில் எந்தெந்த இடத்தில் போன் இருக்கு என்று ஒரு நடை நடந்து பாருங்க. ரிசீவரை எடுத்து டயல் டோன் வருதா என்று கேளுங்க. கரண்ட் கட் ஆகி ஜெனரேட்டர் போடும் வரைக்கும் உள்ள இடைவெளியில் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. 108-க்கு முன்னால் பூஜ்யம் போடணுமா என்று ஆபீஸில் கேட்டு, அதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, கேட் நம்பரையும் வார்டன் நம்பரையும் சேர்த்து ஒவ்வொரு போனுக்குப் பக்கத்திலும் ஒட்டிடுங்க. புது சிஸ்டம் வர ஆறு மாசம் ஆகலாம். அந்த பேப்பரை இன்னைக்கே ஒட்டலாம்.